அக்காவும் ஆஃப்லைன் பிரிண்டரும்

போன மாதம் எங்கள் வீட்டுப் பிரிண்டர் காணாமல் போய்விட்டது.

திருடு போகவில்லை. மேஜை மேல்தான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அடுத்த அறையில் இருந்த என் அக்காவின் லேப்டாப், அப்படி ஒரு ஆசாமியே இந்த வீட்டில் இல்லை என்று சாதித்தது. ‘ஆஃப்லைன்’ — சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வார்த்தை.

நான் போய் எதையெதையோ தட்டி, அழித்து, திரும்பப் பதிந்து, பிரிண்டர் இருக்கிறது என்று லேப்டாப்பை நம்ப வைத்தேன். அன்று முழுக்க வேலை செய்தது. மறுநாள் காலையில் மறுபடி காணோம். அதற்கு மறுநாளும் அப்படியே.

இது பிரிண்டர் சம்பந்தப்பட்ட பிரச்சினை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்...

முதலில் அக்காவை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் வத்சலா. பேங்க் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ‘ஏன்?’ என்று கேட்டவர்களிடம் ‘நேரமில்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தவள். திருவான்மியூரில் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கி, அங்கே தனியாக, சௌக்கியமாக இருந்தாள். எங்கள் வீட்டுக்கு எப்போதாவது வந்தால் நேரே ஃப்ரிட்ஜைத் திறப்பாள். “இது என்னிக்கு வெச்ச குழம்பு?” என்று கேட்பாள். பதில் வருவதற்குள் குழம்பு சிங்க்கில் இருக்கும். அப்படிப்பட்ட ஆள்.

அவளுடைய கட்டடம் பழசாகிவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். இப்போது சென்னையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் பச்சை வலை போர்த்திய கட்டடம் ஒன்றாவது நிற்கிறதே... அந்த வரிசையில் இதுவும் சேர்ந்துகொண்டது. அங்கே இருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குப் போனார்கள். அக்காவும் வீடு தேடினாள். “தனியா இருக்கற லேடியா...?” என்று ஓனர்கள் இழுத்த இழுப்பில் அவளுக்கு வெறுத்துப் போயிற்று. என் மனைவி மீனாதான், “எதுக்கு இந்த அவஸ்தை? பையன் பெங்களூர்ல இருக்கான், அவன் ரூம் சும்மாத்தானே கிடக்கு!” என்று சொல்லி, அக்காவின் பெட்டிகளை மயிலாப்பூருக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்தது அக்காதானா என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வந்தது.

“ரகு, ஹால்ல கொஞ்சம் ஃபேன் போட்டுக்கலாமா?”

“மீனா, நான் இப்போ காபி கலந்துண்டா உனக்கு இடைஞ்சலா இருக்குமா?”

ஃப்ரிட்ஜ் பக்கம் போவதே இல்லை. தட்டில் என்ன விழுகிறதோ அதைச் சாப்பிட்டுவிட்டு, “ரொம்ப நன்னா இருந்தது மீனா” என்று சொல்லுவாள். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். போட மறந்த மீனாவுக்கும் தெரியும்!

நாங்களும் சும்மா இருந்தோமா? “நீ உட்காருக்கா”, “நீ எதுக்கு இதெல்லாம் பண்ணிண்டு?”, “நாங்க பார்த்துக்கறோம்” என்று மரியாதையைக் கொட்டினோம். அவள் எங்களை உபசரிக்க, நாங்கள் அவளை உபசரிக்க, வீடு ஏதோ ஏர்போர்ட் லவுஞ்ச் மாதிரி ஆகிவிட்டது.

இதில் பிரிண்டர் எங்கே வந்தது?

அக்காவுக்கு ஒரு வேலை உண்டு. குறுக்கெழுத்துப் புதிர் தயாரிப்பாள். தீர்ப்பது இல்லை — தயாரிப்பது. திருவான்மியூர் கட்டடத்தில் வாரா வாரம் லிஃப்ட் பக்கத்தில் அவளுடைய புதிர்த் தாள் ஒட்டப்பட்டிருக்கும். லிஃப்டுக்காக நிற்பவர்கள் பென்சிலால் ஆளுக்கொரு சொல்லை நிரப்புவார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடிப்பார். லிஃப்ட் வந்து நின்று திறந்து மூடிப் போய்விடும், இவர்கள் சண்டை ஓயாது.

கட்டடம் காலியானபோது கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அக்கா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் திருவான்மியூர் பீச்சுக்கு வர வேண்டும் என்று ஏற்பாடு. ஆளுக்கொரு தாளாகப் புதிரை அச்செடுத்துக்கொண்டு போவாள். மணலில் உட்கார்ந்து பழையபடி சண்டை போடுவார்கள்.

“ஃபோன்ல அனுப்பிட்டா வேலை முடிஞ்சுதேக்கா?” என்று நான் ஒருதரம் கேட்டேன்.

“ஃபோன்ல அனுப்பினா அவா அவா ஆத்துல உட்கார்ந்தே போட்டுடுவா. அப்புறம் பீச்சுக்கு எதுக்கு வரணும்?”



புதிர் என்றால் ஒரே அச்சில் முடிகிற காரியமில்லை. கட்டங்களைத் தாளில் பார்த்தால்தான் தப்பு தெரியும் என்பாள் அக்கா. ஒரு சொல் உதைக்கும். அதை மாற்றினால் குறுக்கே போகிற இன்னொரு சொல் உதைக்கும். மறுபடி அச்சு, மறுபடி பென்சில்... இப்படி நாலைந்து தடவையாவது எடுக்க வேண்டியிருக்கும்.

பிரிண்டர் இருப்பதோ, பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுத நான் உட்காருகிற அறையில். அது பழைய லேசர் பிரிண்டர். கறுப்பு மட்டும்தான் அடிக்கும். வைஃபை என்ற சொல் வீடுகளுக்குள் புழங்க ஆரம்பிப்பதற்கு முன்னால் வாங்கியது. முதுகில் ஒரு வயர். அந்த வயரின் மறுமுனை என் கம்ப்யூட்டரில். வேறு யாரோடும் பேச அதற்குத் தெரியாது. ஆனால் எழுத்து அச்சாக விழும், இதுவரை மக்கர் செய்ததில்லை.

எனவே அக்கா பென்டிரைவை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நிற்பாள்.

“எழுதிண்டிருக்கியா? சரி, அப்புறம் வரேன்.”

“உள்ள வாக்கா.”

“ஒரே ஒரு பக்கம்தான். முடியுமா?”

முடியும். அடித்துக் கொடுப்பேன். அதில் தப்பு கண்டுபிடித்தால்? திருத்திவிட்டு இரண்டாவது முறை வந்து நிற்க அவளுக்கு மனசு வராது. பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுவாள். இது எனக்குத் தெரியாது. ஒருநாள் மத்தியான வெயிலில் மாடவீதி ஜெராக்ஸ் கடை வாசலில், காலேஜ் பெண்களுக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்ததை மீனா பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஆத்துல பிரிண்டரை வெச்சுண்டு அக்கா தெருவுல நிக்கறா. நீங்க என்ன எழுதிக் கிழிக்கறேள் உள்ள?”

அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்கா ஒரு விஷயத்தை மெதுவாகச் சொன்னாள். வண்டலூருக்கு அப்பால் ஒரு முதியோர் குடியிருப்பு இருக்கிறதாம். ஒரு மாதம் தங்கிப் பார்க்கலாமாம். அவர்களே வண்டி அனுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்களாம்.

“போய் இருந்து பார்க்கறேன். பிடிச்சுதுன்னா அங்கேயே இருந்துடறேன். உங்களுக்கும் ஃப்ரீயா இருக்கும்.” லோன் கிடையாது என்பதைப் பேங்கில் எவ்வளவு பதவிசாகச் சொல்லுவார்களோ, அந்தக் குரல்.

“புதிர்?” என்றேன்.

“நிறுத்திடலாம்னு இருக்கேன். அங்கேர்ந்து பீச்சுக்கு எப்படி வரது?”

இந்த வீட்டில் அவளுக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. அப்படியும் கிளம்பப் பார்க்கிறாள். சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களைத் தடுக்கலாம், சமாதானம் பேசலாம். ‘ரொம்ப நன்னா இருந்தது’ என்று சொல்லிக்கொண்டே கிளம்புகிறவளை என்ன செய்வது?

“உன் ரூமுக்கே ஒரு வைஃபை பிரிண்டர் வாங்கிடறேன்க்கா” என்று வாயை விட்டேன்.

“எனக்காக ஒண்ணும் வாங்கப்படாது. வாங்கினேன்னா நாளைக்கே கிளம்பிடுவேன்.”

அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் பழைய அக்கா இருந்தாள்.

அப்புறம்தான் எனக்கு யோசனை வந்தது. புதுசு வாங்கினால்தானே கோபம்? இருக்கிற கிழத்தையே வீட்டு நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால்? அக்கா தன் அறையில் உட்கார்ந்தபடியே எத்தனை தடவை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். என்னைக் கேட்க வேண்டாம். வாசலில் நிற்க வேண்டாம். ஒரு பிரிண்டரால் ஒருத்தியைப் போகாமல் நிறுத்திவிட முடியுமா என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது கைக்கு எட்டியது அது ஒன்றுதான்.

சிந்தாதிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் தெருவுக்குப் போனேன். ஃபோனில் பிரிண்டரின் போட்டோவைக் காட்டினேன். கடைக்காரர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா சார், இத்த இன்னுமா வெச்சிக்கினு கீற?”

“நல்லா ஓடுதுப்பா.”

“ஓடும் சார், ஓடாம இன்னா? ஆனா வைஃபை லேதே. புச்சா ஒண்ணு எட்த்துக்கினு போயேன்.”

“புதுசு வாங்கினா வீட்டுல ஒருத்தர் கோச்சுக்கிட்டுப் போயிடுவாங்க.”

அவருக்கு அது புரிந்ததோ என்னவோ, ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். பிரிண்ட் சர்வர் என்று பெயராம். ஒரு பக்கம் பிரிண்டரின் வயர், மறுபக்கம், வீட்டுக்கு வைஃபை கொடுக்கிற ரவுட்டரிலிருந்து வருகிற வயர். அவ்வளவுதான், வீட்டில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டர் பொதுவாகிவிடும்.

“சொருவு சார், தானா ஓடும்.”

“ஓடலேன்னா?”

“எட்த்துக்கினு வா, நான் இங்கதான கீறேன்!”

அக்காவிடம் அந்தப் பெட்டி எனக்காக என்று சொன்னேன். ஃபோனிலிருந்தே நான் கட்டுரையை அச்செடுக்க வேண்டுமாம்... நம்பினாளா தெரியாது, ஆனால் லேப்டாப்பைத் திறந்து கொடுத்தாள். வயரைச் சொருகி, பெட்டியின் எண்ணை அவளுடைய லேப்டாப்பில் பதிந்து, “இப்போ இங்கேர்ந்தே அடிச்சுப் பாரு” என்றேன். அடித்தாள். அடுத்த அறையில் என் கிழம் ஒரு முனகலோடு எழுந்து, ஒரு தாளைத் துப்பியது. அக்கா எழுந்துபோய் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஒரு சொல்லைத் திருத்தினாள். திரும்ப உட்கார்ந்து இன்னொரு தடவை அடித்தாள்!

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ராக்கெட் விட்டவர்களுக்குக்கூட அவ்வளவு இருந்திருக்காது.

மறுநாள் காலைதான் முதல் பத்தியில் சொன்ன கதை. பிரிண்டரைக் காணோம்.

அதிலிருந்து தினமும் காலையில் இதுவே வேலை. அக்கா என் அறை வாசலில் வந்து நிற்பாள். “ரகு... மறுபடியும் ஆஃப்லைன்னு வரது. நீ வேலையா இருந்தா அப்புறம் பார்த்துக்கலாம்.” நான் போவேன். தட்டுவேன். சரியாகும். மறுநாள் போய்விடும். பெட்டி மேல் சந்தேகப்பட்டுக் கடைக்கு எடுத்துப் போனேன். வேறு பெட்டி கொடுத்தார். அதற்கும் அதே வியாதி. ரவுட்டரைச் சந்தேகப்பட்டேன், லேப்டாப்பைச் சந்தேகப்பட்டேன், என் ஜாதகத்தையும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன்.

கொடுமை என்னவென்றால், யாரையும் கேட்காமல் அவள் அச்செடுக்க வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். முன்பு அனுமதி கேட்க வந்து நின்றவள், இப்போது ரிப்பேருக்காக வந்து நிற்கிறாள். இதில் நான் சாதித்தது என்ன?

ஒருநாள் அவளே சொல்லிவிட்டாள். “விட்டுடு ரகு. உன் எழுத்து வேலை கெடறது. ஜெராக்ஸ் கடை இருக்கவே இருக்கு. அதுவும் இன்னும் எத்தனை நாளைக்கு? வண்டலூர்லேர்ந்து வண்டி வரப்போறது.”

அந்த வார்த்தைக்கப்புறம் எனக்குப் பிரிண்டர் மேல் கோபமே வந்துவிட்டது.

இந்தச் சமயத்தில் ஒருநாள் கட்டுரை பாக்கி இருந்ததால் வழக்கத்துக்கு மாறாக விடியற்காலையில் எழுந்தேன். ஃபோனைப் பார்த்தால் வைஃபை இல்லை. ஹாலுக்கு வந்தேன். டி.வி. பக்கத்தில் இருக்கிற ஸ்விட்ச் போர்டில் கை வைத்தபடி அக்கா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திருடும்போது பிடிபட்டவள் மாதிரி கையை எடுத்துக்கொண்டாள். ரவுட்டரில் விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டிருந்தன.

“என்னக்கா பண்றே?”

“ஒண்ணுமில்லடா. ராத்திரி பூரா அது சும்மா மினுக்கிண்டே இருக்கு. எல்லாரும் தூங்கறச்சே அதுக்கு என்ன வேலை? அணைச்சுட்டுப் படுப்பேன். நீங்க எழுந்துக்கறதுக்குள்ள போட்டுடுவேன். அந்தச் சின்னப் பெட்டியையும்தான். உனக்குக் கரன்ட் பில்லு ஏறிடப்படாதேன்னு...”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். டெக்னிக்கல் விஷயம்தான், பயப்படாதீர்கள். டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பார்களே, ரவுட்டர் செய்வதும் அதுதான். வீட்டில் இருக்கிற ஃபோன், டி.வி., லேப்டாப் எல்லாவற்றுக்கும் வருகிற வரிசைப்படி ஒரு எண் கொடுக்கும். அணைத்துப் போட்டால் எங்கள் வீட்டு ரவுட்டருக்கு நேற்றைய டோக்கன் எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. முதலிலிருந்து கொடுக்க ஆரம்பிக்கும். ஆகவே தினமும் காலையில் அடித்துப் பிடித்துக்கொண்டு வரிசை. நம் சின்னப் பெட்டி எழுந்து சோம்பல் முறித்து வருவதற்குள், அதன் பழைய எண்ணை வேறு யாராவது வாங்கியிருப்பார்கள். அக்காவின் லேப்டாப் பாவம், நேற்றைய எண்ணையே நம்பிக்கொண்டு, புதிரை அச்சடிக்கச் சொல்லி மீனாவின் ஃபோனைக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது!

அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருப்பார்கள். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் ரவுட்டருக்கும் ராத்தூக்கம் உண்டு என்று எங்கே யோசித்திருக்கப் போகிறார்கள்? நமக்கு ஸ்விட்சை அணைப்பது என்பது சிக்கனம் மட்டுமா, ஒழுக்கம் ஆயிற்றே! அறையை விட்டு வெளியே வந்தால் ஃபேனை அணை, குளித்து முடித்தால் கீஸரை அணை, ஊருக்குப் போனால் மெயினையே அணை... பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்த கையோடு நமக்கு இதையும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று. திருவான்மியூரில் சொந்த வீட்டில் இருந்தபோது அக்கா ரவுட்டரை அணைத்ததே இல்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பேங்கிலிருந்து வந்தால் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு உட்காருகிறவள் அவள். தம்பி வீட்டுக்கு வந்தபிறகுதான், எல்லோரும் படுத்த பின்னால் ஒவ்வொரு ஸ்விட்சாகத் தேடி அணைக்கிறாள். எங்களுக்குத் தெரியாமல் எங்களுக்குச் செய்கிற உபகாரம். இருப்பதற்குப் பதிலாக எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனசு.

ஆனாலும் நான் நான்தானே! மீனா எழுந்து வந்ததும் நடந்ததைச் சொல்லிவிட்டு, ஒரு தாளில் ‘தயவுசெய்து அணைக்க வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஸ்விட்ச் போர்டில் ஒட்டுவதற்குச் செலோடேப்பைத் தேடினேன்.

மீனா என் கையிலிருந்து தாளை வாங்கிக் கசக்கினாள்.

“இதை ஒட்டினேள்னா, அதுக்கப்புறம் அக்கா இந்த ஆத்துல எந்த ஸ்விட்சையும் தொடமாட்டா. ஃபேன்கூடப் போட்டுக்க மாட்டா. இருட்டுல உட்கார்ந்துண்டிருப்பா. பரவாயில்லையா?”

“அப்ப வாயால சொல்லட்டுமா?”

“அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அக்கா எத்தனை தடவை வேணா அணைக்கட்டும், போடட்டும். அப்படியும் ஓடற மாதிரி உங்க பெட்டியால இருக்க முடியுமா, முடியாதா? அதைப் பாருங்கோ.”

முடியும். ரவுட்டருக்குள்ளேயே அதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. இன்ன எண் இன்ன சாதனத்துக்குத்தான், எப்போது வந்தாலும், எல்லோருக்கும் கடைசியில் வந்தாலும் — என்று அங்கே எழுதி வைத்துவிடலாம். பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கர்சீப்பைப் போட்டு இடம் பிடிப்போமே, கிட்டத்தட்ட அதுதான். இத்தனை நாள் நான் பட்ட பாட்டுக்கு, ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

அன்று ராத்திரி அக்கா வழக்கம்போல் ரவுட்டரை அணைத்தாள். காலையில் போட்டாள். பிரிண்டர் இருந்தது. மறுநாளும் இருந்தது. அப்புறம் காணாமல் போகவே இல்லை.

நான் அதைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். ஒரு சாதனம் சரியாக ஓடவில்லை என்றால், உடனே மனுஷர்களைத்தான் மாறச் சொல்கிறோம். அணைக்காதே, தொடாதே, இப்படிப் பிடி, அப்படி அழுத்து. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் நாள் முழுக்க இதே பாட்டுதான். மாற்ற வேண்டியது சாதனத்தையாக இருக்கலாம் என்று நமக்கு எவ்வளவு தாமதமாகத் தோன்றுகிறது! மீனாவுக்கு உடனே தோன்றியது. எனக்குச் செலோடேப் தோன்றியது.

இதோடு கதை முடிந்திருந்தால் இது பிரிண்டர் ரிப்பேர் பற்றிய கட்டுரையாகப் போயிருக்கும். முடியவில்லை. பிரிண்டர் ஓடியது. அக்கா அப்போதும் வந்து நின்றாள்!

“ரகு, இப்போ அடிச்சுக்கலாமா?”

“எதுக்குக்கா கேக்கறே? அங்கேர்ந்தே அடிச்சுக்கோயேன்.”

“இல்லடா, நீ எழுதிண்டிருக்கறச்சே பக்கத்துல சத்தம் போடுமே...”

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. வயர் போட்டு இழுக்க முடியாத தூரம் ஒன்று எங்களுக்குள் இருந்தது. கேட்பதுதான் அவள் எங்களுக்குக் கட்டுகிற வாடகை. தினமும், தவறாமல் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கை எந்த ரவுட்டரில் போய் மாற்றுவது?

வண்டலூர் வண்டி வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் தி.நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். நானும் மீனாவும் போயிருந்தோம். அக்கா வரவில்லை. மறுநாள் பீச்சுக்குப் புதிர் தயாராக வேண்டும். மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். ஃபோன் அடித்தது. அக்கா.

“ரகு... ...லாமா?”

“என்னது?”

“...கலாமான்னு...”

“கேக்கலக்கா! ஒண்ணுமே கேக்கல!”

அவள் ஏதோ சொன்னாள். டிரம்ஸ்காரர் அதன் மேல் அடித்தார். ஃபோன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிடலாம் என்று எழுந்தேன். மீனா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “விடுங்கோ. சாப்பிட்டுட்டு மெதுவாப் போகலாம்.”

வீட்டுக்கு வந்தபோது அக்கா டைனிங் டேபிளில் உட்கார்ந்திருந்தாள். எதிரே புதிர்த் தாள்கள் ஒரு கத்தை, சூடு ஆறாமல். அடித்துவிட்டாள்! யாரையும் கேட்கவில்லை. அதாவது, கேட்டாள். பதில்தான் போய்ச் சேரவில்லை.

கத்தைக்குப் பக்கத்தில் வேறு நாலு தாள்களும் இருந்தன. அவை என்னுடையவை. கிளம்புவதற்கு முன்னால் என் கட்டுரையை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, எடுக்க மறந்து போய்விட்டேன். டிரேயில் கிடந்தது. தன் தாள்களை எடுக்கப் போனவள் அதையும் சேர்த்து எடுத்து வந்திருக்கிறாள். ஒரே டிரேயில் இரண்டு பேர் தாள்கள் விழுந்தால் வேறென்ன ஆகும்?

என் கட்டுரை முழுக்கப் பென்சில் கோடுகள்.

“இந்த ரெண்டாவது பாரா எதுக்குடா?” என்றாள், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. “முதல் பாராவுல சொன்னதையே திருப்பிச் சொல்லிண்டிருக்க. படிக்கறவா என்ன, மக்கா?”

“இல்லக்கா, அது ஒரு அழுத்தத்துக்காக...”

“அழுத்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எடு அதை.”

எடுத்தேன். அதை எடுத்ததும் கட்டுரை நன்றாகவே இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த வாரம் என் அறையில் உட்கார்ந்திருந்தபோது, ஹாலில் அக்கா ஃபோனில் பேசுவது கேட்டது. “இல்லைங்க, இப்போதைக்கு வண்டி அனுப்ப வேண்டாம். ஞாயித்துக்கிழமையெல்லாம் எனக்கு இங்க வேலை இருக்கு... அடுத்த மாசமா? அதை இப்பவே எப்படிச் சொல்றது?” நான் கீபோர்டில் கையை வைத்தபடி மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையிலும் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அக்கா இனிமேல் போகவே மாட்டாளா? தெரியாது. புதுக் கட்டடம் எழும்பினால் அவள் வீட்டுக்கு அவள் போகத்தான் வேண்டும். போகட்டும், அது வேறு. விருந்தாளியாகப் போகாமல் இருந்தால் சரி.

இன்று காலை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இந்தக் கட்டுரையை இன்னும் அனுப்பவில்லையே என்று பத்திரிகை ஆபீசிலிருந்து உதவி ஆசிரியர் ஃபோனில் என்னை நெருக்கிக்கொண்டிருந்தார். நான் பவ்யமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பிரிண்டர் தானாகத் தாள்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. கீச்சென்று ஒரு சத்தம். அடுத்த நொடி, இரண்டு சுவர்களைத் தாண்டி ஒரு குரல்.

“டேய் ரகு! பேப்பர் தீந்துடுத்து பாரு. யார்கிட்டடா அரட்டை கார்த்தாலேயே? ஃபோனை வெச்சுட்டுப் பேப்பரைப் போடு!”

“யார் சார் அது?” என்றார் உதவி ஆசிரியர், கொஞ்சம் பயந்துபோய்.

“எங்க அக்கா. அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டு, பேப்பர் கட்டைத் தேடி ஓடினேன்.

சொந்த அக்காவிடம் ஒரு அதட்டல் வாங்குவதற்கு எவ்வளவு வயர் இழுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்!